நாலாவது பார்

டி1, டி2, பிசி, பிஏ, சி1, சி2, சி3, சி4. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த எட்டையும் வரிசை மாறாமல் சொல்லிவிடுவேன். யமஹா க்யூஒய்70 என்கிற சீக்வென்சர் பெட்டியின் சின்னத் திரையில், ஒரு பேட்டர்னுக்கு உள்ள எட்டு ட்ராக்குகளுக்கும் இப்படித்தான் பெயர் போட்டிருக்கும். முதல் இரண்டும் டிரம்ஸ். அடுத்தது பெர்கஷன். பிஏ என்றால் பாஸ். மீதி நாலிலும் பியானோ, கிட்டார், ஸ்ட்ரிங்ஸ் என்று எதை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். பெட்டி மொத்தமும் பழைய வீடியோ கேசட் அளவுதான். ஆறு பென்சில் பேட்டரி போட்டால் மொட்டைமாடியில் உட்கார்ந்துகூட வேலை பார்க்கலாம். நான் அப்படிப் பார்த்திருக்கிறேன், விடிய விடிய.

எங்களுடையது தஞ்சாவூரில் ஒரு மெல்லிசைக் குழு. கீபோர்டு இரண்டு, லீடு கிட்டார், பாஸ் கிட்டார், டிரம்ஸ், தபலா, டோலக், புல்லாங்குழல், பாடகர்கள் நாலு பேர், தொகுத்துப் பேச ஒருவர் என 13 பேர். நான் இரண்டாவது கீபோர்டு. பங்குனியில் ஆரம்பித்தால் ஆடி முடிகிறவரை வேனைவிட்டு இறங்க நேரம் இருக்காது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடி, பாபநாசம் என்று மாரியம்மனுக்கும் காளியம்மனுக்கும் வாசித்துக்கொண்டே இருப்போம். ராத்திரி பத்து மணிக்கு மேடை ஏறினால் இறங்க இரண்டு மணி ஆகும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் தூங்கிப்போயிருப்பார்கள். மேடையை ஒட்டி மணலில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் மட்டும் கண்ணை இமைக்க மாட்டார்கள்.

அந்தப் பையன்களால்தான் எங்களுக்குப் பெட்டி தேவைப்பட்டது. 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தியபோது அது எங்களைப் போன்ற ஊர்க் குழுக்களைப் பெரிதாகத் தொடவில்லை. கேட்டோம், வியந்தோம், எங்கள் வாத்தியங்களில் முடிந்ததை வாசித்தோம். 1992-ல் ‘ரோஜா’ வந்தது. 1994-ல் ‘காதலன்’. அதற்குப் பிறகு ‘முடிந்ததை வாசித்தோம்’ என்று சொல்ல வழியில்லை. பாட்டின் முதுகெலும்பே ஒரு துளி பிசகாமல் திரும்பத் திரும்ப வரும் தாளத்திலும் பாஸிலும் இருந்தது. அதை ஒரு டிரம்மரும் ஒரு பாஸ் கிட்டாரும் வாசித்தால் பாட்டு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பாட்டாக இருக்காது. மணலில் உட்கார்ந்திருந்த பையன்கள் அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் முகம் தொங்குவது மேடையிலிருந்தே தெரியும்.

க்யூஒய்70 வெளிவந்தது 1997-ல். என் கைக்கு வந்தது 2000-ல். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த பெரியப்பா மகன் லீவில் வரும்போது யாரிடமோ பழையதாக வாங்கி, வேட்டிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்து தந்தார். “தம்பி, இதுல ஒரு கச்சேரியே இருக்குங்கிறாங்க, பாரு” என்றார். அந்த ராத்திரி ஹெட்போனை மாட்டியவன் கழற்றும்போது பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார்.

உள்ளே இருந்தது கச்சேரி இல்லை, கச்சேரிக்கான செங்கற்கள். ‘ஃப்ரேஸ்’ என்று பெயர். பார் என்றால் ஒரு தாளச் சுற்று. ஒரு பார், இரண்டு பார், நாலு பார் நீளத்தில், யாரோ முறையாக வாசித்துப் பதிந்துவைத்த துண்டுகள். நாலாயிரத்துக்கும் மேல். டிரம்ஸுக்கு ஒரு கட்டு, பாஸுக்கு ஒரு கட்டு, கிட்டாருக்கு, பித்தளை வாத்தியங்களுக்கு என்று தனித்தனிக் கட்டுகள். ஒவ்வொரு ட்ராக்கிலும் ஒன்றை எடுத்து வைத்து எட்டையும் சேர்த்து ஓடவிட்டால் அது ஒரு பேட்டர்ன். பெட்டிக்காரர்களே கட்டித்தந்த 128 ஸ்டைல்களும் இருந்தன. ராக், ஜாஸ், போஸா நோவா, ரெகே. ஒவ்வொன்றிலும் ஆறு பகுதி. தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று, நடுவில் ஏ, பி என்று இரண்டு, ஏ-யிலிருந்து பி-க்கும் பி-யிலிருந்து ஏ-க்கும் கடந்துபோக ஒவ்வொரு ஃபில்-இன். எனக்கு அதைப் பார்த்ததும் பல்லவியும் சரணமும்தான் ஞாபகம் வந்தன. ஏ பல்லவிக்கு, பி சரணத்துக்கு. பாடகர் குஷியாகிப் பல்லவியை நாலு தடவை பாடினாலும் கவலை இல்லை. ஏ தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். நான் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்ததற்குப் போகும்.

கலைத்துப் போட்டுக் கட்டுவதில்தான் சுகம். ஒரு ரெகே பாஸை எடுத்து, அதன்மேல் எங்கோ லத்தீன் கட்டில் கிடந்த காங்கோவை வைப்பேன். கிட்டாரை எடுத்துவிடுவேன். கேட்பேன். பாஸை மாற்றுவேன். திரும்பக் கேட்பேன். நாலாயிரம் துண்டுகளில் ஒன்றோடு ஒன்று ஒட்டுவது கொஞ்சம்தான். இரண்டும் தனித்தனியே அழகாக இருக்கும், சேர்த்தால் சண்டைபோடும். எங்கேயோ ஓரிடத்தில், எதிர்பாராத இரண்டு துண்டுகள் கைகோத்துக்கொள்ளும். அந்த நிமிஷம் முதுகில் ஓடுகிற சிலிர்ப்பை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆனால் நம்முடைய அடி எதுவும் அதில் இல்லை. தப்பு இல்லை, தவில் இல்லை, உறுமி இல்லை, டோலக் இல்லை. கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் உரிய தகிட தகிட நடையில், கேட்டதும் உடம்பு தானாக ஆடுகிற துண்டு ஒன்றுகூட இல்லை. சொந்தமாகத்தான் செய்தாக வேண்டும். பெட்டியில் இருந்த ரப்பர்ப் பொத்தான் கட்டைகளுக்கு மெல்ல அடித்ததும் ஓங்கி அடித்ததும் ஒன்றுதான். அதனால் என் கீபோர்டை மிடி வயரில் பெட்டியோடு இணைத்து வாசித்துப் பதிந்தேன். தப்பின் அந்தக் காய்ந்த, சுளீரென்ற சத்தத்துக்கு டிம்பாலேவும் ஸ்னேர் விளிம்பில் குச்சி தட்டும் ஒலியும் சேர்ந்த கலவை. அடி அடியாக ஒவ்வொன்றின் பலத்தையும் 1-லிருந்து 127-க்குள் ஓர் எண்ணாகத் திருத்தினேன். 112, 64, 90. 118, 50, 84. ஒரு கும்மி பேட்டர்ன் கட்ட எனக்கு மூன்று ராத்திரி ஆனது.

அதைவிடப் பெரிய பாடம் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு விஷயத்தில் காத்திருந்தது. இந்த ஃப்ரேஸ்களின் மாயமே, நான் கீபோர்டில் எந்தக் கார்டைப் பிடிக்கிறேனோ அதற்கேற்ப அவை தங்களை மாற்றிக்கொள்வதுதான். அதற்கு ஒரு கணக்கு உண்டு. எந்தத் துண்டையும் சி மேஜர் செவன்த் என்ற கார்டை மனசில் வைத்துத்தான் பதிய வேண்டும். நம் கணக்கில் சொன்னால் ஒரு கட்டை சுருதியில் ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், காகலி நிஷாதம். இந்த நாலும் தாராளமாக வரலாம். நான் மேடையில் சி மைனர் செவன்த் பிடித்தால் பெட்டி அந்தர காந்தாரத்தைச் சாதாரண காந்தாரமாகவும், காகலியைக் கைசிகியாகவும் இறக்கிவிடும். ஒரே துண்டு எத்தனை கார்டு வந்தாலும் இசைந்து போகும். அதைச் செய்தவர்களை மனதாரக் கும்பிட்டேன், இப்போதும் கும்பிடுகிறேன்.

நம் ராகங்களுக்கு அந்தக் கணக்கு ஆகவில்லை. ஒருமுறை மாயாமாளவகௌளையில் புல்லாங்குழலுக்கு அழகான ஒரு துண்டு பதிந்து சி3-ல் வைத்தேன். ஒத்திகையில் கார்டு மாறியதும் பெட்டி தன் பட்டியல்படி ஸ்வரங்களை நகர்த்தியது. சுத்த ரிஷபம் இருந்த இடத்தில் வேறொன்று எட்டிப் பார்த்தது. பாடிக்கொண்டிருந்த அக்கா பாட்டை நிறுத்தி, திரும்பி என்னைப் பார்த்தார். பல்லுக்கிடையில் கல் கடிபட்டவரின் பார்வை. பிறகுதான் ஃப்ரேஸின் தன்மையை ‘பைபாஸ்’ என்று குறித்துவைத்தால் பெட்டி அதில் கைவைக்காது என்று கண்டுபிடித்தேன். அதன்பின் எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். தாளமும் கார்டும் பெட்டியின் கணக்குப்படி நடக்கட்டும். ராகம் பாடுகிற எதையும் பெட்டி தொடக்கூடாது.

இதற்குள் குழுவும் மாறியிருந்தது. டிரம்ஸ் வாசித்தவர் சென்னைக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் ஆள் தேடவில்லை, பெட்டி இருந்தது. தபலாக்காரருக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. தாளத்துக்கென்று மிஞ்சியவர் டோலக் மாஸ்டர் ஒருவர்தான்.

அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். இளவயதில் புதுக்கோட்டைப் பக்கம் வள்ளி திருமண நாடகங்களுக்கு வாசித்தவர். இடது கை மணிக்கட்டைத் தோல்மேல் அழுத்தி இழுத்தாரென்றால், அடிநாதம் கிணற்றுக்குள்ளிருந்து ஏறிவருவதுபோல் வளைந்து மேலே வரும். கும்கி என்போம். அவருடைய கும்கிக்கென்றே பாட்டுக் கேட்க வருகிறவர்கள் இருந்தார்கள். வெற்றிலைக் கையோடு எங்கள் வீட்டு மாடிக்கு ஒத்திகைக்கு வந்தவர், நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து கட்டிய கும்மி பேட்டர்னை ஆம்ப்ளிஃபயரில் போட்டதும் டோலக்கை மடியில் வைத்தபடியே கேட்டார். வாசிக்கவில்லை. நாலைந்து சுற்று போனது.

“என்ன மாஸ்டர், சரியில்லையா?”

“ரொம்ப நல்லாருக்கு தம்பி. எல்லாத்தையும் நீயே அடிச்சுட்டா, நான் எங்க உக்கார்றது?”

கோபமில்லை. ரயிலில் இடம் கேட்பவர்போல, உண்மையாகவே கேட்டார். நான் திரையைப் பார்த்தேன். எட்டு ட்ராக்கும் நிரம்பி வழிந்தன. ஒரு கால்நோட்டுகூடச் சும்மா இல்லை. நாலாயிரம் துண்டு கையில் இருக்கிறவனுக்கு நிரப்பத்தான் தோன்றும், விடத் தோன்றாது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விரலால் என் தொடையில் தட்டிக் காட்டினார். மூணு பாருக்கு நீ நடத்து. நாலாவது பார்ல மூணாவது அடியிலிருந்து வாயை மூடிக்க. அங்க நான் பேசிக்கிறேன்.

டி2-வை முழுதாக அழித்தேன். நாலாவது பாரின் பின்பாதியில் பெர்கஷனை அழித்தேன். அந்த இடத்தில் பாஸில் இருந்த இரண்டு ஸ்வரத்தில் ஒன்றை எடுத்தேன். ஓடவிட்டதும் பேட்டர்ன் ஓட்டைப்பல்லோடு சிரிக்கும் குழந்தைபோல இருந்தது. மாஸ்டர் வாசிக்க ஆரம்பித்தார். மூன்று பாரும் பெட்டியின் அடியில் மெல்ல நடந்து வந்தவர், நாலாவது பாரின் அந்த இடத்தில் கும்கியை இழுத்தார். கீழே இருந்து அம்மா மாடிப்படியில் ஏறிவந்து நின்று கேட்டார்.

இன்னும் ஒன்று உறுத்தியது. பெட்டியின் காங்கோவும் அவர் கையும் சேர்ந்து விழுகிற இடங்களில் சத்தம் இரண்டாகப் பிரிந்து கேட்டது. “இது முந்துது தம்பி” என்றார். பெட்டி முந்தவில்லை, நூல் பிடித்தபடி இருந்தது. அவர்தான் எப்போதுமே அடியின்மேல் ஒரு மூச்சுத் தாமதமாக உட்காருவார். அந்தப் பாட்டின் வேகம் நிமிஷத்துக்கு 100 அடி. ஒரு கால்நோட்டைப் பெட்டி 480 துண்டாக்கிப் பார்க்கும். ஒரு துண்டு ஒன்றேகால் மில்லி விநாடி. பெர்கஷன் ட்ராக்கை மட்டும் நாலு துண்டு பின்னால் தள்ளினேன். போதவில்லை. எட்டு. பன்னிரண்டில் இரண்டு சத்தமும் ஒன்றாகி, அடி கனமாக விழுந்தது. “இப்ப உக்காந்துருச்சு” என்றார் மாஸ்டர். 15 மில்லி விநாடி. நாடகக் கொட்டகைகளில் ராத்திரி ராத்திரியாக வாசித்த ஒரு மனிதனின் கைப்பழக்கம் இவ்வளவுதான் அகலம் என்று அன்றைக்கு அளந்து தெரிந்துகொண்டேன். அந்த பேட்டர்னை யூசர் ஸ்டைல் 12 என்று வைத்தேன்.

யூசர் 12 எங்கள் குழுவின் அடையாளமானது. அதன் சுருதியையும் வேகத்தையும் மாற்றி, மேலே கார்டு ட்ராக்குகளை மாற்றி, எத்தனையோ பாட்டுக்குப் பயன்படுத்தினோம். ஓட்டை மட்டும் மாறாது.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கோயிலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கூட்டம் எழுந்து ஆடிக்கொண்டிருந்த நேரம். மேடைக்குப் பின்னால் யாருடைய காலோ இடறி, என் மேசைக்கு வந்த வயர் பிடுங்கிக்கொண்டது. மைக்கும் ஸ்பீக்கரும் இருந்தன. கீபோர்டும் பெட்டியும் செத்துவிட்டன. பெட்டியில் அன்று பேட்டரி இல்லை. தீர்ந்துபோனதை மாற்றாமல் கிளம்பியது என் தவறு. கைகால் நடுங்க இருட்டில் வயரைத் தேடினேன். பாட்டு நிற்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார். அதுவரை பெட்டி வாசித்த மூன்று பாரும் அவருடைய வலது கையில் இருந்தன. காங்கோ விழுந்த இடமெல்லாம் விளிம்பில் விரலால் தட்டினார். பாஸ் கிட்டார் தம்பி அவர் கையையே பார்த்துக்கொண்டு கூடவே போனான். நாலாவது பாரில் கும்கி தன் இடத்தில் வந்தது. கூட்டத்துக்கு எதுவும் தெரியாது.

வயர் கிடைத்து, பெட்டி உயிர்பெற்று, யூசர் 12-ஐத் தேடி எடுத்துத் தயாரானேன். மாஸ்டர் தாடையை மெல்ல உயர்த்தினார், இறக்கினார். இறக்கிய நேரத்தில் அழுத்தினேன். பெட்டி உள்ளே வந்தது. ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை. 100 என்ற வேகத்தை அவர் தன் உடம்பில் அப்படியே பிடித்துவைத்திருந்தார். கச்சேரி முடிந்து டீ குடிக்கும்போது, எப்படி மாஸ்டர் என்று கேட்டேன். “நீ விட்ட இடத்தை வச்சுத்தான் தம்பி. நாலு பாருக்கு ஒருதடவை மூச்சு விடுறேன்ல” என்றார்.

2004-ல் குழு ஏழு பேராகிவிட்டது. கோயில் கமிட்டிகள் கொடுக்கிற தொகை ஏறவில்லை, டீசல் ஏறியது. குழுவை நடத்திய அண்ணன் ஒருநாள் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: “டோலக்கையும் அதுலயே போட முடியுமா?”

முடியும்ணே என்றேன்.

இருபது வருஷமாக அந்த வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அவர் கேட்டது வேறு, நான் பதில் சொன்னது வேறு. பெட்டியால் முடியுமா என்று கேட்டதாகவே என் காதில் விழுந்தது. கைத்தொழில் தெரிந்தவனுக்கு வருகிற ஆசை, ‘முடியும்’ என்று சொல்லிவிடுகிற ஆசை, என் வாயில் முந்திக்கொண்டது. 15 மில்லி விநாடி தாமதிக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். டிரம் கிட்டில் டோலக் கிடையாது. மெலோடிக் டாம் என்ற ஒலியை எடுத்தேன். அதை டிரம்ஸாக இல்லாமல் சுருதி வாத்தியமாக ஒரு ட்ராக்கில் வைத்தால் பிட்ச் பெண்ட் கொடுத்து நாதத்தை வளைக்கலாம். வளைவு எங்கே ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு ஏற வேண்டும், எங்கே விட வேண்டும் என்று எண் எண்ணாகத் தட்டினேன். அவர் வாசிப்பு எனக்கு மனப்பாடம். பன்னிரண்டு துண்டு தாமதத்தையும் மறக்காமல் வைத்தேன். ஒரு பேட்டர்ன் அதிகபட்சம் எட்டு பார்தான் நீளலாம் என்பதால், எட்டு பாருக்குள் இரண்டு விதமான கும்கி வைத்தேன். யூசர் 13. கேட்டால் மாஸ்டர் அறைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும், 19 விநாடி வரைக்கும். அதற்குமேல் அதே இரண்டு கும்கி, அதே வரிசையில் திரும்ப வரும்.

ஒளித்துவைக்க மனமில்லாமல் அவருக்கும் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். “நம்ம கும்கி மாதிரியே வருது தம்பி, கெட்டிக்காரன்” என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கார்த்திகையிலிருந்து ஐயப்பன் பஜனைகளுக்கு வாசிக்கப் போய்விட்டார். யூசர் 13-ஐ வைத்து நாங்கள் மூன்று பருவம் ஓட்டினோம். எந்த ஊரிலும் ஒருவரும் குறை சொல்லவில்லை. குழு 2007-ல் கலைந்தது. அதற்குள் மேடைகளில் குரலை மட்டும் நீக்கிய மைனஸ் ஒன் ட்ராக்கைப் போட்டுவிட்டுப் பாடுகிற காலம் வந்துவிட்டது. அதில் எனக்கும் உட்கார இடமில்லை. கீழவாசலில் ஒரு சின்ன மின்சாமான் கடை வைத்தேன், இப்போதும் அதுதான் பிழைப்பு.

பெட்டியை விற்கவில்லை. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரிதான் அதன் ஞாபகசக்தி. அது தீர்ந்தால் நான் கட்டிய பேட்டர்ன் அத்தனையும் போய்விடும். பெட்டியில் ஃப்ளாப்பிகூடப் போட முடியாது. அதனால் எல்லாவற்றையும் மிடி வழியாக வெளியே எடுத்துவைத்துவிட்டு, இரண்டு முறை பேட்டரியை மாற்றியிருக்கிறேன்.

போன மாதம் தங்கை மகன் திருச்சியிலிருந்து கடைக்கு வந்தான். இன்ஜினியரிங் படிக்கிறான், குறும்படங்களுக்கு இசை போடுகிறான். லேப்டாப்பைத் திறந்து அவன் வேலை செய்கிற விதத்தைக் காட்டினான். லூப்புகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. டோலக் என்று தட்டினால் டோலக். பெட்டியில் இல்லாத தப்பு, உறுமி, தவில் எல்லாமே இருந்தன. மைக் வைத்து நிஜமாகவே யாரோ வாசித்த வாசிப்பு. தோலில் கை படுகிற ஈரம்கூடக் கேட்டது. நான் இரண்டு ராத்திரி எண் தட்டி வளைத்த கும்கி அங்கே ஒரு சொடுக்கில் கிடைத்தது. மனசாரச் சந்தோஷப்பட்டேன். அந்த ஒலிக்கு நாங்கள் எவ்வளவு ஏங்கியிருக்கிறோம்.

ஆனால் அவன் கட்டியதைக் கேட்டபோது எனக்கு மூச்சுமுட்டியது. அந்த டோலக் கலைஞர், யாரோ, எங்கோ தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். கூட யாரும் இல்லாததால் எல்லா இடத்தையும் அவரே நிரப்பியிருக்கிறார். அதன்மேல் அதேபோலத் தனியாக உட்கார்ந்து வாசித்த ஒரு தவில், ஓர் உறுமி. மூன்று பேரும் நல்ல கலைஞர்கள். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழவில்லை. எங்கள் ஃப்ரேஸ் வெறும் கட்டளைதான். இந்த ஸ்வரம், இந்தப் பலம், இந்த நேரம் என்ற எண்கள். சத்தம் ஏழையாக இருக்கும், ஆனால் நடுவில் ஓர் அடியை மட்டும் பிடுங்கிப் போடலாம், பன்னிரண்டு துண்டு தள்ளி வைக்கலாம். இவனுடையது பதிந்து முடிந்த ஒலி. அதையும் வெட்டலாம்தான், ஆனால் அவ்வளவு அழகான வாசிப்பை வெட்ட அவனுக்குக் கை வரவில்லை. அந்த வயதில் எனக்கும் வராது.

“இப்ப மறுபடியும் சின்னப் பெட்டிதான் மாமா எல்லாரும் தேடுறாங்க” என்றான். 2024-ல் யமஹாவே செக்ட்ராக் என்று ஒன்றை விட்டிருக்கிறதாம், நண்பன் வைத்திருக்கிறானாம். “கையில புடிச்சுக் கட்டுற மாதிரி வராதுங்கிறான். உங்க பழசைக் காட்டுங்க.”

பீரோவிலிருந்து எடுத்தேன். பேட்டரி போட்டேன். அவன் அந்தச் சின்னத் திரையை மொபைல் பார்ப்பதுபோல் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். கடையில் இருந்த ஸ்பீக்கரில் வயரைச் செருகி, முதலில் யூசர் 13-ஐப் போட்டேன்.

“நல்லாருக்கே மாமா. டாம வச்சா இதைப் பண்ணீங்க?” கும்கியை எப்படி வளைத்தேன் என்று கேட்டான், எண்களைக் காட்டினேன், போட்டோ எடுத்துக்கொண்டான். இரண்டாவது சுற்று முடிவதற்குள் அவன் கண் லேப்டாப்பின் பக்கம் போய்விட்டது.

பிறகு 12-ஐப் போட்டேன்.

“இதுல ஏதோ விட்டுப்போயிருக்கு மாமா. ட்ராக் ம்யூட்ல இருக்கா?”

“இல்லடா. அவ்வளவுதான் அது.”

டி2-வைக் காட்டினேன், வெறுமையாக இருந்தது. மாஸ்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் இப்போது திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன வருஷம் பார்க்கப் போனபோது, விரல் மடங்குவதில்லை என்று காட்டிவிட்டு, “அந்தப் பெட்டி இருக்கா தம்பி?” என்று மட்டும் கேட்டார். இருக்கு மாஸ்டர் என்றேன்.

கடையில் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். டியூப்லைட் சோக் கேட்டார். எடுத்துக் கொடுத்து, பணம் வாங்கி, சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். பேட்டர்ன் பின்னால் சுற்றிக்கொண்டே இருந்தது. பையன் எதுவும் பேசவில்லை. மூன்று பார் போயிற்று. நாலாவது பாரின் மூன்றாவது அடியில், கடை மேசைமேல் அவன் உள்ளங்கை விழுந்து தேய்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் தாமதமாகத்தான் விழுந்தது. நான் சில்லறையை மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.